மூன்றாவது ஓலைக்கு ஒரு கை உயர்ந்தது

நாங்கள் துப்பறியப் போவது பிணவண்டியில்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. பல வருஷம் அதே வண்டியில் ஊர்ச் சவங்களைச் சுமந்தவன் நான். சவப்பெட்டிக்காரர் புது வண்டி வாங்கியபோது பழையதை என் தலையில் கட்டிவிட்டு, சம்பளத்தை நிறுத்திக்கொண்டார். அதே சமயம் துப்பறியும் ஒலிவின் துகேவுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. வண்டியோடு ஒரு வாயும் இலவசமாகக் கிடைத்தது. அந்த வாய்தான் கிளோவிஸ், அதாவது நான்.

ஒலிவின் துகே ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகாதவர். ஊரே அவரை 'மாம்செல்' என்றுதான் கூப்பிடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பு அத்தனையையும் காது வழியாகச் சாப்பிட்டவர். ஆட்கள் பேசுவதைவிட, பேசுமுன் இழுக்கும் மூச்சைத்தான் கவனிப்பார். தானாக இயங்கும் எக்ஸ்சேஞ்ச் வந்து வேலை போனது. காது போகவில்லை.

அந்தப் பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மாம்செல்லின் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஃப்ளோரின் வந்து நின்றாள். பூட்ஸில் பனி, கண்ணில் தண்ணீர்.

"மாம்செல், என் கல்யாணத்த நிறுத்திட்டாங்க."

"நானும் கோயில்லதான இருந்தேன். உக்காரு. கிளோவிஸ், டீ போடு."

"அவளுக்கா, உங்களுக்கா?"

"மூணு பேருக்கும். அழறவங்களுக்குச் சர்க்கரை ஜாஸ்தி."

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சாமியார் கோயிலில் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும் என்பார். எங்கள் ஊரான பெத்தித் பேயில் அந்த இடைவெளி, ஊர் மொத்தமும் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் நேரம். வேறு எதற்கும் அது பயன்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. இன்றைக்கு மூன்றாவது ஓலை. இருமலுக்கு நடுவே தியோதிம் கிழவர் பெஞ்சைப் பிடித்து எழுந்து கையை உயர்த்தினார்.

"சாமி, பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ரத்தம். ரெண்டு பேருக்கும் கொள்ளுப்பாட்டி வித்தலின்தான்!"

இருமிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கொள்ளுப்பாட்டி ஒன்றென்றால் திருச்சபைச் சட்டப்படி கல்யாணம் கிடையாது. பிஷப் விலக்குத் தரலாம். ஆனால் எங்கள் பிஷப் ரோமாபுரிக்குப் போயிருக்கிறார். எட்டாம் நாள் திங்கட்கிழமை கல்யாணம், அந்த வாரப் புதன் சாம்பல் புதன். அதைத் தாண்டினால் தவக்காலம், ஈஸ்டர்வரை மேளம் கிடையாது. ஈஸ்டருக்குள் மாப்பிள்ளை பசில் பெரிய ஏரிகளில் ஓடும் சரக்குக் கப்பலுக்கு வேலைக்குப் போயாக வேண்டும். போனால் டிசம்பரில்தான் திரும்புவான்.

"அப்ப டிசம்பர்லயே வச்சுக்கலாமே. கிறிஸ்துமஸ் விருந்தும் கல்யாண விருந்தும் ஒரே செலவுல முடிஞ்சிரும்" என்றேன்.

ஃப்ளோரின் கோட்டை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். மாம்செல் என்னைப் பார்த்த பார்வையில் டீ உறைந்திருக்கும்.

"கிளோவிஸ், வாய மூடு."

"இன்னும் முழுசா தெறக்கவே இல்லயே மாம்செல்."

"டிசம்பர்வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்காதுடா, மடையா."

எனக்கு உறைத்தது. கெட்டிலைத் தேய்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

"பசிலுக்குத் தெரியும்" என்றாள் ஃப்ளோரின் தரையைப் பார்த்து. "வேற யாருக்கும் தெரியாது. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா சுவத்துல இருக்கற துப்பாக்கி கீழ எறங்கும். அதுகூடப் பரவால்ல மாம்செல். இந்தப் பிள்ளைய ஊரு என்ன பேரு சொல்லிக் கூப்பிடும்? ஆயுசு பூரா 'ஃப்ளோரினோட'ன்னுதான கூப்பிடும்?"

அவள் பயம் எங்கள் கரையில் பிறந்த எவருக்கும் புரியும். பெத்தித் பேயில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு கோர்மியேயின் தலையில்தான் விழும். எல்லோருக்கும் கோர்மியே என்பதே குடும்பப் பெயர். அதனால் அந்தப் பெயரை ஓட்டுச்சீட்டுக்கும் கல்லறைக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். மற்றபடி அப்பன் பேர், தாத்தா பேர் என்று கோத்துக் கூப்பிடுவதுதான் வழக்கம். இவள் வித்தலின் ஒனோரே மெதார் ஃப்ளோரின். மெதார் அப்பா, ஒனோரே தாத்தா. அந்தச் சரத்தில் ஒரு பெண்ணின் பெயர் வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, புருஷனைக் கடல் கொண்டுபோயிருக்கும். இல்லையென்றால் புருஷனே இருந்திருக்க மாட்டான். முதலாவது காரணத்துக்கு ஊர் தொப்பியைக் கழற்றும். இரண்டாவதற்கு நாக்கை நீட்டும்.

"வித்தலின் விதவை. அதனால அந்தப் பேரச் சொல்றப்ப நாமெல்லாம் நெஞ்ச நிமுத்தறோம்" என்றார் மாம்செல். "பசில் பக்கம் எப்படி?"

"எட்மோன் சிரியாக் பசில். அவரு ஊரு எதிர்த் தீவுதான, அங்க அதோட நிறுத்திடுவாங்க. அவரோட தாத்தா எட்மோன் சின்ன வயசுல இங்கேர்ந்து தீவுக்குப் போனவராம். அதுக்கு முன்னாடி யாரோடன்னு இன்னிக்குவரைக்கும் எனக்குத் தெரியாது. பழைய கோயில் எரிஞ்சப்ப பதிவெல்லாம் சாம்பலாயிருச்சுன்னு சாமியும் கைய விரிக்கறாரு."

மாம்செல் டீயை முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் தியோதிமின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஜன்னல் சடாரென்று திறந்தது.

"இன்னும் சாகலடா! போயிட்டு அப்புறமா வா!"

"அவசரமில்ல மாமா. சும்மா அளவெடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

மாம்செல் என் விலாவில் முழங்கையால் ஒரு குத்து விட்டு உள்ளே போனார். கிழவரின் மகள் மேசையில் மாவுச் சுருள்களை வைத்தாள். அந்தப் பலகாரத்துக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் பெயரைக் கன்னியாஸ்திரீகள் எதிரில் சொல்ல முடியாது. நான் பெயர் சொல்லாமல் நாலு எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டு ஓலைக்குச் சும்மா இருந்துட்டு, மூணாவதுக்குக் கையத் தூக்குனீங்களே, ஏன் மாமா?" என்று ஆரம்பித்தார் மாம்செல்.

"நேத்துதான அந்தப் பையன் தீவுலேர்ந்து பூசைக்கு வந்தான். எனக்கு முன் பெஞ்சு. அந்தக் காதப் பாத்தேன். ஜாடிக்கு ரெண்டு பக்கமும் பிடி வச்ச மாதிரி. எட்மோனோட காதுல்ல அது! பக்கத்துல இருந்தவன்ட்ட கேட்டேன், எட்மோன் பேரன்னான். எட்மோன்னா யாரு? வித்தலினோட எட்மோன். நானும் அவனும் ஒண்ணா வளந்தவங்க. சட்டம்னா சட்டம்தான், சொல்லிட்டேன்."

"வித்தலின் பெத்த பிள்ளைதானா? நல்லா ஞாபகமிருக்கா?"

கிழவருக்குக் கோபம் மூக்குக்கு வந்தது. "ஞாபகமா? அந்த வீட்டுல எட்டு பிள்ளைங்க. இவன் மேல மட்டும்தான் அவளுக்கு உசிரு. கிறிஸ்துமஸ் காலைல தன் கையால அவன் ஒருத்தனுக்குத்தான் நோலே சுட்டுக் குடுப்பா. இம்மாம் பெருசு!" முழங்கைவரை காட்டினார். "கண்ணுக்கு ரெண்டு திராட்சை, சட்டைப் பொத்தானுக்கு மூணு. பெத்த பாசம் இல்லாம திராட்சை வருமா?"

நோலே என்பது மொலாசஸ் பாகு சேர்த்த மாவில் குழந்தை உருவமாகச் சுடும் கேக். கிறிஸ்துமஸ் காலையில் அது கையில் வராத பிள்ளை எங்கள் கரையில் இல்லை.

"மத்த ஏழு பேருக்கு?" என்றார் மாம்செல்.

"அதுங்க பொழுது விடிஞ்சதும் ஊருக்குள்ள ஓடும். ஒனோரே அவங்க சித்தி வீட்டுக்கு, மத்ததுங்க எங்கெங்கயோ. இவன் மட்டும் அடுப்பங்கரையிலயே உக்காந்து தின்னுவான், ராசா மாதிரி."

"உங்களுக்கு யாரு குடுத்தாங்க மாமா?"

"எனக்கும் வித்தலின்தான் குடுத்தா." கிழவர் கையை விரித்துக் காட்டினார். "என் உள்ளங்கையளவு. கண்ணே கிடையாது! குருட்டு நோலே! வருஷா வருஷம் குருட்டு நோலே! ஓரத்துல கருகினதுகூட ஒரு தடவ வந்துச்சு."

"நீங்க அவ பிள்ள இல்லயே. உங்களுக்கு எதுக்குக் குடுத்தா?"

"என்ன பேச்சு இது? என்னை ஞானஸ்நானத்துக்கு ஏந்தினவ அவதான. ஞானத்தாய் குடுக்காம வேற எவ குடுப்பா?"

மாம்செல் கையில் எடுத்த மாவுச் சுருளைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"ரொம்ப நன்றி மாமா. நீங்க இன்னும் நூறு வருஷம் இருக்கணும்."

"அந்த வண்டிய வாசல்ல நிறுத்தாம இருந்தா இருப்பேன்."

வண்டி ஊர்ச் சாலைக்கு வந்ததும் மாம்செல் கேட்டார்: "கிளோவிஸ், உனக்கு நோலே யாரு குடுத்தா?"

"எங்க பெரியம்மா. ஒரு கால் எப்பவுமே ஒடஞ்சிருக்கும்."

"உங்கம்மா?"

"அம்மா எப்படிக் குடுப்பாங்க? அம்மா தன் பிள்ளைக்கே ஞானத்தாயா நிக்க முடியா..."

வண்டி பனிக்குவியலில் ஏறி நின்றது. ஏற்றியது நான்தான், ஆனால் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

"மாம்செல்! வித்தலின் எட்மோனுக்கு நோலே குடுத்தான்னா..."

"அவ அவனுக்கு ஞானத்தாய். அம்மா இல்ல. பெத்ததுங்க ஏழும் தங்களோட ஞானத்தாய்மாரத் தேடி ஓடுச்சு. இவன் மட்டும் ஓடல. ஞானத்தாய் வீட்டுலயே வளந்தவன் எங்க ஓடுவான்? பெத்தவ செத்துட்டா பிள்ளைய ஞானத்தாய் எடுத்து வளக்கறது நம்ம வழக்கம்தான. யாரு சோறு போட்டாளோ அவ பேரச் சொல்லி ஊரு கூப்பிட்டுருச்சு."

"கிழவருக்கு இது தோணவே இல்லயே?"

"ஆயுசு பூரா அந்தக் கேக்கோட சைசையே பாத்துக்கிட்டிருந்தாரு. யாரு யாருக்குக் குடுத்தான்னு பாக்க எங்க நேரம்? இறங்கித் தள்ளு."

நான் தள்ளினேன். துப்பறியும் வேலையில் என் பங்கு பெரும்பாலும் அதுதான்.

சாமி தொசித்தே நாங்கள் சொன்னதை முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நல்ல புத்திசாலித்தனம் மாம்செல். ஆனா கேக்க நம்பி நான் கல்யாணம் பண்ணி வச்சா, பிஷப் என்னை அடுப்புல வச்சிருவாரு. எட்மோன் குடும்பத்துல ஒருத்தர், வித்தலின் எங்க ரத்தமில்லன்னு வேதபுத்தகத்துல கை வச்சுச் சொல்லட்டும். ஓலைய உடனே முடிச்சுடறேன்."

எட்மோனின் பிள்ளைகளில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். பசிலின் அத்தை தர்சில். அண்ணன் சிரியாக் கடலில் போன பிறகு பசிலை வளர்த்தவர். அந்தப் பெயரைச் சொன்னதுமே சாமியார் எங்களுக்குச் சிலுவை போட்டு அனுப்பி வைத்தார்.

மதியம் தீவுக்குக் கிளம்பினோம். கடல் உறைந்து கிடந்தது; பனிக்கட்டி மேல் வண்டி போக வழி தெரிவதற்காக நட்ட ஃபிர் மரக் கிளைகள் வரிசையாக நின்றன. ஃப்ளோரினும் வருவேன் என்று அடம்பிடித்தாள். முன் சீட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம். அவள் பின்னால் சவப்பெட்டி வைக்கும் மேடையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வசதியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இதுல போனவங்க யாராவது குறை சொன்னாங்களா?"

இவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

தர்சில் அத்தையின் வீட்டில் கூட்டம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அடுப்படி ஆடுநாற்காலியில் தர்சில், சிம்மாசனத்தில் இருப்பதுபோல் அகலமாக இருந்தார். விஷயம் எங்களுக்கு முன்பே பனியைக் கடந்து வந்துவிட்டது. நேற்றுவரை அவர் மீன் காயப்போடும் தர்சில். இன்றைக்கு வித்தலினின் பேத்தி.

வித்தலின் என்றால் எங்கள் கரையில் சும்மா இல்லை. கடலுக்கு அப்பால் ஜெர்சித் தீவிலிருந்து வந்த மீன் கம்பெனிக்காரர்கள் எங்கள் மீனையெல்லாம் அள்ளிக்கொண்டு, பதிலுக்குப் புழுத்த மாவைக் கொடுத்த காலத்தில், அந்தக் கம்பெனி மேனேஜரை அழுகிய ஹெர்ரிங் மீன் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டியவள் அவள். வெளியே வந்த மனுஷனைச் சொந்த நாயே மோந்து பார்க்கவில்லையாம். ஆகஸ்ட் திருவிழாவில் ஊர் அவள் பெயரைச் சொல்லித் தகரம் தட்டிக் கொண்டாடும்.

"வாங்க வாங்க" என்றார் தர்சில். "நீங்களும் பாட்டியப் பத்திக் கேக்க வந்தீங்களா? அந்த ஜெர்சிக்காரப் பயலுங்கள எங்க பாட்டி பூட்டினா பாருங்க, அந்தத் தைரியம் எனக்கு ரத்தத்துலயே இருக்கு."

"தனியாப் பேசணும்" என்றார் மாம்செல்.

பெண்கள் மனசில்லாமல் எழுந்து போனார்கள். கடைசி ஆள் கதவைச் சாத்தாமல் போக, நான் போய்ச் சாத்தினேன். ஃப்ளோரினை வண்டியிலேயே இருக்கச் சொல்லியிருந்தோம்.

மாம்செல் நோலே கதையை எடுத்துச் சொன்னார். தர்சில் முகம் அசையவில்லை.

"அதெல்லாம் கிழவன் உளறல். எங்கப்பா வித்தலின் வயித்துல பொறந்தவரு. ஜெர்சிக்காரன்னு சொன்னாலே காறித் துப்புவாரு. கம்பெனி வாசப்படிய மிதிச்சதில்ல."

"கம்பெனியப் பத்தி நாங்க கேக்கவே இல்லயே" என்றேன்.

மாம்செல் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் கண் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிய கைத்தடி மேல் இருந்தது. முடிச்சு முடிச்சாக, தேன் நிறத்தில் பளபளவென்று நல்ல உயரமான தடி.

"அழகா இருக்கே. உங்கப்பாவோடதா?"

"ஆமா. இங்க காட்டுலயே வெட்டினது. மேப்பிள்."

மாம்செல் எம்பி அதை எடுத்தார். இரண்டு விரலில் நிறுத்திப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார். தூக்கப் போன வேகத்தில் தடி என் மூக்கில் வந்து இடித்தது. இறகு கனம்கூட இல்லை.

"மேப்பிள் இல்லம்மா இது" என்றார் மாம்செல். "முட்டைக்கோஸ்."

"என்ன கோஸ்?" என்றேன் நான்.

"ஜெர்சித் தீவுல முட்டைக்கோஸ் ஆள் உசரத்துக்கு மேல வளரும். தண்டக் காயவச்சு, வார்னிஷ் அடிச்சுத் தடி பண்ணுவாங்க. உலகத்துல வேற எங்கயும் பண்றதில்ல. கம்பெனி குமாஸ்தாங்க ஞாயித்துக்கிழமை இத ஆட்டிக்கிட்டுத்தான் நடப்பாங்களாம், எங்க தாத்தா சொல்லுவாரு. வாசப்படிய மிதிக்காத மனுஷனுக்கு இது எப்படி வந்துச்சு?"

"கடல்ல... கடல்ல ஒதுங்கிச்சு."

"வார்னிஷோடவா? நல்ல நாகரிகமான முட்டைக்கோஸ்" என்றேன்.

"கிளோவிஸ்." மாம்செல் ஒரே வார்த்தையில் என்னை மூடினார். "தர்சில், நீங்க ஜெர்சின்னு சொல்றதுக்கு முன்னாடி மட்டும் மூச்ச ரெண்டு தடவ இழுக்கறீங்க. வெறுக்கறவங்க ஒரு தடவதான் இழுப்பாங்க. பயப்படறவங்கதான் ரெண்டு தடவ."

ஆடுநாற்காலி நின்றது.

"யாரு அந்த மனுஷன்?"

சிம்மாசனம் பழைய நாற்காலி ஆகிவிட்டது. "ல ப்ரோக்" என்றார் தர்சில், வாயில் வந்த முள்ளைத் துப்புவதுபோல். "கம்பெனி குமாஸ்தா. எங்க பாட்டி மதில்த் கம்பெனில மீன் உப்புப் போட்ட பொண்ணு. கட்டிக்கிறேன்னு சொல்லி இந்தத் தடியக் குடுத்துட்டுக் கப்பலேறினவன்தான். பிள்ளையப் பெத்துட்டு அவளும் கண்ண மூடிட்டா. வித்தலின் அவளோட சிநேகிதி. ஏழோட எட்டுன்னு தூக்கிட்டுப் போயிட்டா. யாரும் கேக்கல. வித்தலின்கிட்ட எவன் கேப்பான்? ஊரே மறந்துருச்சு. எங்கப்பா சாகறப்பதான் எனக்கே சொன்னாரு."

"நல்லதாப் போச்சு!" என்று குதித்தேன். "வாங்க, சாமிகிட்ட இதச் சொல்லிட்டா திங்கக்கிழமை கல்யாணம்!"

"மாட்டேன்."

"என்னது?"

"மாட்டேன்னா மாட்டேன். நேத்துலேர்ந்து இந்த வீட்டுக்கு எத்தன பேரு வந்தாங்க தெரியுமா? நான் எழுந்தா எழுந்து நிக்கறாங்க. அதக் குடுத்துட்டு ஜெர்சிக்காரன் பேத்தின்னு பேரு வாங்கணுமா? அவங்கள நான் திட்டாத திட்டா? என்னைத் தகரம் தட்டி ஊரை விட்டே தொரத்துவாங்க. பையன் டிசம்பர்ல கட்டிக்கட்டும். காத்திருந்தா பொண்ணு தேஞ்சா போயிருவா?"

கதவு திறந்தது. ஃப்ளோரின் நின்றாள். வண்டியில் குளிர் தாங்கவில்லையாம். மாம்செல்லிடம் கேட்டிருந்தால் அது பொய் என்று அவள் மூச்சை வைத்தே சொல்லியிருப்பார்.

"தேயமாட்டேன் அத்தை" என்றாள். "பெருத்துருவேன்."

அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். தர்சில் அவள் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி வயிற்றைப் பார்த்தார்.

"பசில் பயலோடதா?"

"ஆமா அத்தை. டிசம்பர்ல அவர் வர்றதுக்குள்ள ஊரு இதுக்குப் பேரு வச்சுரும். அப்புறம் நாங்க கட்டிக்கிட்டாலும் அந்தப் பேரு போகாது. உங்களுக்கே தெரியும்."

எனக்கு ஒரு நையாண்டி நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல மனசு வரவில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தர்சில் மெதுவாகப் பேசினார். "எங்கப்பா கடைசியா என்ன சொன்னாரு தெரியுமா? 'பொம்பள பேர வச்சுக் கூப்பிடறானுங்கன்னு ஒருத்தனும் என்னைக் கேலி பண்ணல தர்சில். வித்தலின்னா அவ்வளவு பயம். ஆனா உங்கப்பன் பேரு என்னன்னு எவனாவது கேட்ருவானோன்னு ஒவ்வொரு நாளும் பயந்தேன். அதுக்குப் பயந்துதான் தீவுக்கே ஓடியாந்தேன்'னாரு. எழுபது வயசு ஆளு. குழந்தை மாதிரி அழுதாரு."

அவர் எழுந்தார். கனமான மனுஷி, நாற்காலியும் கூடவே எழுந்து பிறகு விழுந்தது.

"என் சால்வைய எடுடி பொண்ணே. ஏய் வண்டிக்காரா, உன் சனியன் வண்டில எனக்கு எங்க இடம்?"

"படுத்துக்கிட்டு வந்தா சௌகரியமா இருக்கும் அத்தை."

முதுகில் விழுந்த அறை கோடைவரை வலித்தது.

சாமியார் வீட்டு முன்னறையில் அன்று சாயங்காலமே எல்லோரும் கூடினோம். மாம்செல் ஆள் அனுப்பி, தியோதிம் கிழவரையும் பனியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பசிலையும் வரவழைத்திருந்தார். பசில் உறைந்த மீசையோடு ஃப்ளோரின் பக்கத்தில் போய் நின்றான். காது நிஜமாகவே ஜாடிப் பிடிதான். விஷயத்தை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

தர்சில் வேதபுத்தகத்தின் மேல் கையை வைத்தார். மூச்சை ஒரு தடவைதான் இழுத்தார், நான்கூடக் கேட்டேன்.

"என் அப்பா எட்மோன். அவரப் பெத்தவ மதில்த். வித்தலின் அவர வளத்த ஞானத்தாய். எங்க உடம்புல அவ ரத்தம் ஒரு சொட்டு இல்ல. அப்பனப் பெத்தவன்..." நிறுத்தினார். "ல ப்ரோக். ஜெர்சிக்காரன். கம்பெனிக்காரன். போதுமா?"

"ஜெர்சிக்காரனா!" என்று கிழவர் நாற்காலியோடு துள்ளினார். "ஜெர்சிக்காரன் பிள்ளைக்கா அஞ்சு திராட்சை!"

"தாயில்லாப் பிள்ளைக்கு மாமா" என்றார் மாம்செல்.

கிழவர் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தடைய எடுத்துக்கறேன் சாமி" என்றார் சின்னக் குரலில்.

பசில் அத்தையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "அப்ப நான் கோர்மியே இல்லயா? ல ப்ரோக்கா?"

"வளத்தவ பேருதான்டா உன் பேரு" என்றார் தர்சில். "கோர்மியேன்னே கல்யாணம் பண்ணு. இந்த ஊர்ல ஒரு கோர்மியே கூடிட்டா ஒண்ணும் முழுகிப்போகாது."

சாமி தொசித்தே பேனாவை எடுத்தார். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணி என்றார். ஃப்ளோரின் பசிலின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, எல்லோரும் எழுந்துகூட விட்டோம். அப்போதுதான் சந்தோஷ வேகத்தில் தர்சில் அத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னொண்ணு சாமி! குழந்தைக்கு ஞானத்தாய் நான்தான். வேற எவளுக்கும் விடமாட்டேன். இப்பவே எழுதிக்கங்க. ஆகஸ்ட் மாசம்!"

ஃப்ளோரினின் காது சிவந்தது. பசில் கூரையைப் பார்த்தான். தர்சில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார், காலம் கடந்து. தியோதிம் கிழவர் விரல்களை மடக்கத் தொடங்கினார்.

"பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்..."

மாம்செல் அந்தக் கையை அப்படியே பிடித்து அமுக்கினார்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் நிதானமாகத் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு பெண்ணை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கணக்கு வராது" என்றார். "பேரு மட்டும்தான் எழுதத் தெரியும். ஆகஸ்டுல ஞானஸ்நானத்தப்ப என்ன கேக்கணுமோ அத இப்பவே கேட்டுடறேன். பிள்ளையோட அப்பா பேரு என்னம்மா?"

"பசில்" என்றாள் ஃப்ளோரின், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி.